இருபது புள்ளி ஒன்பது

என் வீட்டுக்காரருக்குச் சூடான சோறு பிடிக்காது, மேடம். தட்டில் போட்டு, ஃபேனுக்குக் கீழே ஐந்து நிமிடம் வைத்து, அதற்குப் பிறகுதான் குழம்பு ஊற்ற வேண்டும். கல்யாணமான புதிதில் இது தெரியாமல் ஆவி பறக்கப் பறக்கப் போட்டுவிட்டேன். அவர் நாக்கைச் சுட்டுக்கொண்டே சாப்பிட்டு முடித்தார். அப்படிப்பட்ட மனிதர். பெண் போலீஸ் ஒருவரை அவரோடு வீட்டில் விட்டு வந்திருப்பதாகச் சொன்னீர்கள். சோறு விஷயத்தை மட்டும் அந்தப் பெண் போலீஸிடம் போனில் சொல்லிவிடுங்கள். மற்றதை நான் நிதானமாகச் சொல்கிறேன்.

நீங்கள் கேட்க வந்தது மாத்திரையைப் பற்றி. என் மாமியார் எழுதிக் கொடுத்த புகாரில் அதுதான் இருக்கிறது. ஆனால் மாத்திரையிலிருந்து தொடங்கினால் என்னைக் கெட்டவள் என்று நினைத்துவிடுவீர்கள். முதலிலிருந்து சொன்னால்தான் புரியும்.

என் பெயர் சத்யப்ரியா. பிறந்த ஊர் நாகரசம்பட்டி. அப்பாவுக்கு மாந்தோப்பு இருக்கிறது. கிருஷ்ணகிரியில் கம்ப்யூட்டர் படித்துவிட்டு, ஓசூருக்கும் சூளகிரிக்கும் நடுவில் இருக்கும் ஒரு உதிரிபாகத் தொழிற்சாலையில் ஏழு வருடம் வேலை பார்த்தேன். கம்ப்யூட்டர் பிரிவில் மூன்றே பேர். மேலாளர் கோவிந்தப்பன் சார், ஹரீஷ்குமார், நான். ஹரீஷ்குமாருக்குச் சொந்த ஊர் சாத்தூர். ஒரே கம்பெனி பஸ்ஸில் வருவோம், போவோம். பேச்சு பழக்கமாகி, பழக்கம் கல்யாணத்தில் முடிந்தது. பேருந்து நிலையத்துக்குப் பின்னால் மூன்றாவது மாடியில் வாடகைக்கு ஒரு வீடு பிடித்தோம். லிஃப்ட் கிடையாது. நான்கு வருடம் அந்த வீட்டில் எங்கள் இரண்டு பேரைத் தவிர யாரும் ஒரு வாரத்துக்கு மேல் தங்கியதில்லை. அதை நான் பெரிய பாக்கியமாக நினைத்தேன்.

அவர் பார்த்தது நெட்வொர்க் வேலை. அதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். தொழிற்சாலையில் ஒவ்வொரு எந்திரமும் ஏதாவது சொல்லிக்கொண்டே இருக்கும். சொல்வதைச் சிறு சிறு பொட்டலங்களாகக் கட்டி, ஒவ்வொன்றின் மேலும் விலாசம் எழுதி அனுப்பும். எந்தப் பொட்டலம் எந்தப் பாதையில் போக வேண்டும் என்று பார்த்து அனுப்பும் தட்டையான பெட்டிக்கு சுவிட்ச் என்று பெயர். லைட் போடும் சுவிட்ச் வேறு, இது வேறு. எங்களிடம் இருபத்து மூன்று சுவிட்ச்கள் இருந்தன. எந்தப் பாதை யாருக்கு என்கிற அமைப்பை நாம்தான் அதற்குள் எழுத வேண்டும். எழுதிய உடனே அது வேலை செய்யத் தொடங்கிவிடும். ஆனால் தனியாக ஒருமுறை சேமிக்கவும் வேண்டும். சேமிக்காவிட்டால் மின்சாரம் இருக்கும் வரைதான் அதற்கு நினைவு. அணைத்துப் போட்டால் எல்லாவற்றையும் மறந்துவிட்டு, கடையிலிருந்து வந்த அன்றைக்கு இருந்த மாதிரி விழித்துக்கொள்ளும்.

சேமிப்பதில்தான் என் வீட்டுக்காரர் சோம்பேறி. "அப்புறம் பாத்துக்கலாம்" என்பார். எங்கள் தொழிற்சாலை மூன்று ஷிப்டும் ஓடும், மின்சாரமே போகாது, ஆகவே யாருக்கும் தெரியாது. வருடத்தில் ஒரே ஒரு நாள்தான் எல்லாவற்றையும் அணைப்போம். ஆயுத பூஜை. எந்திரங்களைக் கழுவித் துடைத்து, வாழைக்கன்று கட்டி, சந்தனம் குங்குமம் வைப்பார்கள். எங்கள் சர்வர் அறையையும் விடுவதில்லை. மின்சாரத்தை நிறுத்தி, ஒரு வருடத் தூசியைத் துடைத்து, ஒவ்வொரு சுவிட்சின் நெற்றியிலும் பொட்டு வைத்து, கற்பூரம் காட்டிவிட்டுத்தான் மறுபடி உயிர் கொடுப்போம்.

மூன்று வருடத்துக்கு முந்தைய பூஜையில் அவர் சேமிக்காமல் விட்டதால் கேட்டில் கைரேகை வைக்கும் மெஷின் வேலை செய்யவில்லை. அறுநூறு பேர் மூன்று மணி நேரம் வெயிலில் நின்றார்கள். அன்றிலிருந்து அவர் எல்லோருக்கும் கேலிப்பொருள். இரும்பைச் சுட்டுப் பதமாக்கும் ஹீட் ட்ரீட்மென்ட் பிரிவின் ஆபரேட்டர் ஆஞ்சப்பன் அவரைப் பார்க்கும்போதெல்லாம், "சாரு எழுதறதெல்லாம் தண்ணியில எழுதறதுங்க மேடம். கரண்ட்டு போனா காணாமப் பூடும்" என்று என்னிடம் சொல்லிச் சிரிப்பார். கோவிந்தப்பன் சார் ஒரு வழக்கம் கொண்டுவந்தார். பூஜைக்கு முன்னால் இருபத்து மூன்றையும் சேமித்து, ஒரு தாளில் வரிசையாக டிக் போட்டு, கையெழுத்துப் போட்டு அறைக் கதவில் ஒட்ட வேண்டும்.

போன வருடம் ஆகஸ்டில் என் மாமியார் சரோஜம்மாள் சாத்தூரில் குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பு எலும்பை முறித்துக்கொண்டார். இவர் பத்து நாள் போய் இருந்துவிட்டு வந்தார். வந்த அன்று சாப்பிடும்போது சொன்னார்.

"அம்மாவைத் தனியா விட முடியாதுல்ல, சத்யா. மதுரையில ஒரு கம்பெனியில பேசிட்டேன். அம்மாவையும் அங்கயே கூட்டிக்கிருவோம். உனக்கும் அங்க வேலை கிடைக்கும். வீடு எங்க இருந்தா என்ன, நாமதானே வீடு."

நாம் என்றார். அந்த நாமில் மூன்று பேர் இருந்தார்கள்.

நான் சண்டை போடவில்லை. அத்தையை இங்கே அழைத்து வரலாமே என்று ஒரு தடவை அவரே கேட்டபோது, இடுப்பு முறிந்தவர் மூன்று மாடி எப்படி ஏறுவார் என்று மட்டும் சொன்னேன். உண்மைதானே. அவர் ராஜினாமா கொடுத்தார். அக்டோபர் முப்பத்தொன்றோடு கணக்கு முடிகிறது. ஆயுத பூஜை அந்த மாதமே வந்தது.

அந்த வருடம் அவர் திருந்திவிட்டார். போகிற நேரத்தில் யாரும் குறை சொல்லிவிடக் கூடாது என்று, முதல் நாளே ஒவ்வொரு பெட்டியாகத் திறந்து சேமித்தார். இரண்டு முறை சரிபார்த்தார். இருபத்து மூன்று டிக் போட்டுக் கையெழுத்திட்டார். பக்கத்து மேஜையில் உட்கார்ந்து நான் பார்த்துக்கொண்டிருந்தேன். பரீட்சையை நன்றாக எழுதிய பையன் மாதிரி முகம். எனக்கு அவர் மேல் ரொம்பப் பிரியமாக இருந்தது.

மறுநாள் காலை அவர் வாழைக்கன்று கட்டப் போயிருந்தபோது, அவருடைய பெயரில் உள்ளே நுழைந்து பதினேழாம் நம்பர் சுவிட்சில் சேமித்திருந்ததை அழித்தேன். அவருடைய பாஸ்வேர்டு எனக்குத் தெரியும். அம்மாவின் பெயரும் அம்மா பிறந்த வருடமும். என் பெயர் அதில் எங்கேயும் இல்லை. அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை, சும்மா சொல்கிறேன். அழிக்கவா என்று பெட்டி ஒரே ஒரு தடவை கேட்டது. என்டர் தட்டினேன். மின்சாரம் இருக்கும் வரை அது பழையபடி வேலை செய்துகொண்டுதான் இருந்தது. பதினொரு மணிக்குக் கோவிந்தப்பன் சார் மெயினை இறக்கினார். என் வீட்டுக்காரர் பதினேழின் நெற்றியிலும் சந்தனம் வைத்து, அதன் நடுவில் குங்குமம் வைத்தார். கற்பூரம் காட்டினோம். மெயினை ஏற்றியதும் இருபத்திரண்டு பெட்டிகள் எல்லாவற்றையும் நினைவில் வைத்துக்கொண்டு எழுந்தன.

நான் நினைத்தது இவ்வளவுதான். மறுபடியும் சேமிக்காமல் விட்டான் என்று பெயர் வரும். மெமோ கொடுப்பார்கள். நன்னடத்தைச் சான்றிதழ் தாமதமாகும். மதுரைக்காரர்கள் விசாரிப்பார்கள், விசாரித்தால் வேண்டாம் என்பார்கள். அவர் இரண்டு நாள் வருத்தப்படுவார், நான் தேற்றுவேன். ஒரு மனைவி செய்யக்கூடியதுதான்.

ஏன் பதினேழு என்று கேட்பீர்கள். பதினேழில்தான் நைட்ரஜன் அறை இணைந்திருந்தது.

ஹீட் ட்ரீட்மென்ட் ஃபர்னஸுக்குப் பக்கத்தில் ஆறு படி கீழே இறங்கினால், ஃபர்னஸுக்கு நைட்ரஜன் வாயு போகும் வால்வுகள் இருக்கும் சின்ன அறை. நைட்ரஜனுக்கு வாசனை கிடையாது, நிறம் கிடையாது. அது அறையில் நிறைந்தால் மூச்சு விடுகிற காற்று குறைந்துவிடும், அங்கே நிற்கிறவருக்கு அது தெரியவும் தெரியாது. அதற்காக உள்ளே ஒரு சென்சார். நல்ல காற்றில் ஆக்சிஜன் இருபது புள்ளி ஒன்பது. சென்சார் அந்த எண்ணை நொடிக்கு ஒரு பொட்டலமாகப் பதினேழாம் சுவிட்ச் வழியாக வாசலில் இருக்கும் போர்டுக்கும் கன்ட்ரோல் ரூம் சைரனுக்கும் அனுப்பும். பதினெட்டுக்குக் கீழே போனால் சைரன் அலறும். போர்டும் சைரனும் தனி பேட்டரியில் ஓடுவதால் பூஜைக்கும் அவற்றை அணைப்பதில்லை. அந்த போர்டில் ஒரு கோளாறு. புது எண் வராவிட்டால் கடைசியாக வந்த எண்ணையே காட்டிக்கொண்டிருக்கும். இது ஆபத்து என்று என் வீட்டுக்காரர் இரண்டு தடவை எழுதிக் கொடுத்தும் யாரும் மாற்றவில்லை. கீழே ஒரு வால்வு லேசாகக் கசிவதாகவும், அந்த மாதத்தில் இரண்டு முறை சைரன் அடித்ததாகவும் அவர்தான் சாப்பிடும்போது சொன்னார். எங்கள் வீட்டில் வேலையைப் பற்றி மனம் விட்டுப் பேசுவோம்.

அமைப்பு அழிந்த சுவிட்சில் தனித்தனிப் பாதைகள் இருக்காது. எல்லாம் ஒரே பொதுப் பாதையில் வந்து விழும். சென்சார் எண்ணைச் சொல்லிக்கொண்டேதான் இருக்கும். அது அந்தப் பெட்டியைத் தாண்டி வெளியே போகாது, ஆகவே போர்டுக்குக் கேட்காது, சைரனுக்குக் கேட்காது. அதே சுவிட்சில் கேபிள் போட்டு யாராவது லேப்டாப்பை வைத்திருந்தால் அவர்களுக்கு மட்டும் கேட்கும்.

கம்பெனி விசாரணையில், அந்த நேரத்தில் நான் பூஜைப் பந்தலில் பொரியும் கேசரியும் சாப்பிட்டுக்கொண்டிருந்ததாகச் சொன்னேன். அது சரியில்லை. கேசரியைத் தட்டில் வாங்கினேன், ஆனால் சர்வர் அறைக்கு எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன். பதினேழாம் பெட்டி அங்கேதான் இருந்தது. அதில் என் லேப்டாப்பைச் செருகினேன். அப்போது எண் இருபது புள்ளி ஐந்து. பூஜைக்காக அடைத்த கேஸ் லைனை அப்போதுதான் திறந்திருந்தார்கள்.

பதினேழு பதில் சொல்லவில்லை என்று என் வீட்டுக்காரரின் போனுக்குத் தகவல் போயிருந்தது. பந்தலிலிருந்து நேராக நைட்ரஜன் அறைக்கு ஓடியிருக்கிறார். அவருக்கு முன்னாலேயே ஆஞ்சப்பன் சந்தனக் கிண்ணத்தோடு கீழே இறங்கிவிட்டார். வால்வுகளுக்கும் பொட்டு வைக்க வேண்டும் என்பது அவர் வழக்கம். வாசல் போர்டைப் பார்த்துவிட்டுத்தான் இறங்கியிருப்பார், இருபது வருட அனுபவக்காரர்.

என் போன் அடித்தது. போன் வந்ததும் உங்களுக்குப் பதிவில் தெரியும். சாப்பிட வரச் சொல்லிக் கூப்பிட்டார் என்று விசாரணையில் சொல்லியிருந்தேன். அவர் சொன்னது இதுதான்.

"சத்யா, ஆஞ்சப்பண்ணன் உள்ள விழுந்து கெடக்காரு. படியில வழுக்கிட்டாரா என்னன்னு தெரியல. போர்டு இருபது புள்ளி ஒன்பதுன்னு காட்டுது. அதை நம்ப முடியாது. நீ சர்வர் ரூம்லதானே இருக்க, உன் பக்கம் பாரு, என்ன காட்டுது?"

திரையில் பதினொன்று புள்ளி நான்கு.

ஒரு மாதமாக அவர் என்னிடம் எதையும் கேட்கவில்லை, மேடம். மதுரையில் வீடு பார்த்ததைக் கேட்கவில்லை, சாமான் கட்ட ஆள் சொன்னதைக் கேட்கவில்லை. எல்லாவற்றையும் முடிவு செய்துவிட்டுச் சொல்வார். அன்றுதான் கேட்டார். என் வாயிலிருந்து வரும் ஒரு வார்த்தைக்காகக் காத்துக்கொண்டிருந்தார். மூச்சு வாங்குவது எனக்குக் கேட்டது.

"அதேதாங்க" என்றேன். "இருபது புள்ளி ஒன்பது."

"சரி, தூக்கிட்டு வந்திர்றேன்" என்றார். போனை அணைக்கவில்லை. படியில் இறங்கும் சத்தம் கேட்டது. அண்ணே, அண்ணே என்று இரண்டு தடவை கூப்பிட்டார். பிறகு போன் எதன் மேலோ விழுந்தது.

அவர் சாக வேண்டும் என்று நான் நினைத்திருந்தால் சும்மா இருந்திருப்பேன். நான் பாதுகாப்புப் பிரிவு பாஸ்கரனைக் கூப்பிட்டேன். முகமூடி போட்டுக்கொண்டு போகச் சொன்னதும் நான்தான். விசாரணை அறிக்கையில் என்னைப் பாராட்டி ஒரு வரி இருக்கிறது. கூப்பிட நாலு நிமிடம் ஆனது. கேசரியை முடித்துவிட்டுக் கூப்பிட்டேன்.

ஆஞ்சப்பன் போய்விட்டார். அவர் மனைவி காளியம்மாளுக்கு கேன்டீனில் வேலை கொடுத்திருக்கிறார்கள். தீபாவளிக்கு நான் ஒரு புடவை எடுத்துக் கொடுத்தேன். பதினேழாம் பெட்டியை யாரும் சந்தேகப்படவில்லை. தன்னை யார் அழித்தார்கள் என்பதையும் சேர்த்து அது மறந்திருந்தது. கதவில் ஒட்டிய தாளைப் பார்த்து, "போற நேரத்துல கூட சேவ் பண்ணாமயே கையெழுத்து போட்டுட்டான் பாரும்மா" என்று கோவிந்தப்பன் சார் கண்ணைத் துடைத்துக்கொண்டார். நான் மறுத்துப் பேசவில்லை.

பெங்களூர் ஆஸ்பத்திரியில் பத்தொன்பது நாள். கண் விழித்தபோது அவருக்குத் தன் பெயர் தெரியவில்லை. காற்று இல்லாமல் மூளை கெட்டுவிட்டது, நினைவு கொஞ்சம் கொஞ்சமாக வரலாம், பழைய விஷயங்களைப் பேசிக்கொண்டே இருங்கள், ஃபிட்ஸ் வராமலிருக்க இந்த மாத்திரையை ஒரு வேளைகூட விடாதீர்கள் என்று டாக்டர் சொன்னார். வேலையை விட்டேன். பக்கத்தில் உட்கார்ந்து ஒவ்வொன்றாகச் சொல்லிக் கொடுத்தேன். உங்கள் பெயர் ஹரீஷ்குமார். நான் சத்யா, உங்கள் மனைவி. இது நம் வீடு. சாத்தூரைச் சொல்லவில்லை. மதுரையைச் சொல்லவில்லை. எதை எழுதுவது, எதை விடுவது என்று என்னைக் கேட்க அங்கே யாரும் இல்லை. அந்த ஐந்து மாதம் மாதிரி சந்தோஷமாக நாங்கள் என்றும் இருந்ததில்லை. நான் கடைக்குப் போனால்கூட ஜன்னலில் நின்று பார்த்துக்கொண்டிருப்பார்.

மார்ச்சில் அத்தை வந்துவிட்டார். கைத்தடியை ஊன்றி மூன்று மாடி ஏறி வந்தார். கதவைச் சாத்திவிட்டு வெளியே வந்து படியிலேயே பேசினேன்.

"அத்தை, நீங்க அம்மான்னு மட்டும் சொல்லிடாதீங்க. திடீர்னு நெனப்பு வந்தா ஃபிட்ஸ் வந்துடும்னு டாக்டர் சொல்லியிருக்காரு."

டாக்டர் அப்படிச் சொல்லவில்லை. அத்தை அதை நம்பினார்.

"சொல்லமாட்டேன் தாயி. மூஞ்சிய மட்டும் பாத்துட்டுப் போயிர்றேன்."

கீழ்வீட்டுக்குப் புதிதாகக் குடிவந்த அம்மா என்று அறிமுகப்படுத்தினேன். என் வீட்டுக்காரர் எழுந்து நாற்காலி போட்டார். "உக்காருங்கம்மா, காப்பி குடிக்கிறீங்களா?" என்று கேட்டார். அத்தை காப்பியைக் கையில் வைத்துக்கொண்டே அரை மணி நேரம் இருந்தார். போன பிறகு இவர், "அந்தம்மா எதுக்கு அழுதாங்க?" என்றார். அவங்க பையன் செத்துட்டான் என்றேன். பாவம் என்றார்.

அத்தை ஊருக்குப் போகவில்லை. ராயக்கோட்டை ரோட்டில் ஒரு சொந்தக்காரர் வீட்டில் தங்கிக்கொண்டு வாரத்துக்கு ஒரு முறை கீழ்வீட்டு அம்மாவாக வந்தார். கொடுத்த வாக்கை மீறவில்லை, அதைச் சொல்ல வேண்டும். பக்கத்தில் உட்கார்ந்திருந்துவிட்டுப் போவார், அவ்வளவுதான். நாலாவது வாரம் இவர் என்னைக் கேட்டார்.

"சத்யா, எனக்கு அம்மா இருந்தாங்களா?"

சின்ன வயதிலேயே இறந்துவிட்டார்கள் என்றேன். அன்று முழுக்க அவர் ஒன்றும் சாப்பிடவில்லை. இரண்டு நாள் கழித்து, "அவங்க பேரு சரோஜாவா?" என்றார். நான் அந்தப் பெயரை அவரிடம் சொன்னதே இல்லை.

அதற்குப் பிறகுதான் மாத்திரையை நிறுத்தினேன். அதே நிறத்தில் ஒரு சத்து மாத்திரை கிடைத்தது. ஒன்பதாவது நாள் ஃபிட்ஸ் வந்தது. கட்டிலிலிருந்து விழாமல் நான்தான் பிடித்துக்கொண்டேன், பல்லுக்கு நடுவில் நாக்கு மாட்டிக் கிழிந்தது, அதற்கும் நான்தான் மருந்து வைத்தேன். விழித்ததும் என்னைப் பார்த்து, "நீங்க யாரு?" என்றார். பழைய மாத்திரையை மறுபடி கொடுத்து, முதலிலிருந்து சொல்லிக் கொடுத்தேன். ஜூனில் மறுபடியும் ஏதோ நினைவு வரத் தொடங்கியது. மறுபடியும் நிறுத்தினேன். அந்த முறை வலது கையும் போனது. இப்போது நான்தான் ஊட்டுகிறேன்.

போன வாரம் நான் பால் வாங்கப் போன நேரத்தில் அரிசி டப்பாவில் பிரிக்காத மாத்திரை அட்டைகளை அத்தை பார்த்துவிட்டார். அதில் தவறு சொல்ல மாட்டேன், அவர் பெற்றவர். நான் அழித்தது ஒரு பெட்டியையும் என் வீட்டுக்காரரையும். ஆஞ்சப்பன் கணக்கில் இல்லாதவர், நடுவில் வந்துவிட்டார். எழுதிக்கொண்டீர்களா, கையெழுத்துப் போட்டுத் தருகிறேன்.

அவரை அத்தையோடு சாத்தூருக்கு அனுப்பப் போவதாகச் சொன்னீர்கள். சட்டம் அப்படி என்றால் நான் குறுக்கே நிற்கவில்லை. ஆனால் அவர் குழந்தை இல்லை, அவர் விருப்பம் என்று ஒன்று இருக்கிறது. யாரோடு இருக்க ஆசை என்று அவரையே கேளுங்கள், மேடம். என் பெயரைத்தான் சொல்வார். வேறு எந்தப் பெயரும் அவருக்குத் தெரியாது.